பேக்கேஜ் மெயின்டெய்னர்களுக்கு ஒரு திறந்த மடல்: ஒரே ஃபைலை ரெண்டு பேக்கேஜ்ல வைக்காதீங்க

நம்ம லினக்ஸ் டிஸ்ட்ரோவோட பேக்கேஜுகளை, அதாவது சாஃப்ட்வேர் பொட்டலங்களை, பராமரிக்கிற மெயின்டெய்னர்களுக்கும் ரிலீஸ் டீமுக்கும் கோத்தகிரி பக்கத்து மலை ஊர்லேர்ந்து வணக்கம்.

தமிழ் டைப்பிங் பேக்கேஜை நீங்க ரெண்டா பிரிச்சதும், அதுக்கப்புறம் வந்த பக் ரிப்போர்ட்டுகளும் உங்களுக்கே தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வரேன். தமிழ்99 கீமேப் ஃபைல், அதாவது எந்தக் கீ அடிச்சா எந்தத் தமிழ் எழுத்துன்னு சொல்ற ஃபைல், பழைய பேக்கேஜ்லயும் இருக்கு, புதுசுலயும் இருக்கு. டெஸ்க்டாப் மெட்டா பேக்கேஜ் (மத்த பேக்கேஜுகளை மொத்தமா இழுத்துட்டு வர்றது) புதுசைக் கேக்குது, கல்வி மெட்டா பேக்கேஜ் இன்னும் பழசையே கேக்குது. ரெண்டையும் போட்டே ஆகணும், ஆனா ரெண்டாவது உள்ள வரும்போது, இந்த ஃபைல் ஏற்கனவே இன்னொரு பேக்கேஜோடதுன்னு சொல்லி, பேக்கேஜைப் பிரிச்சு போடற டிபிகேஜி கதவை சாத்திடுது.

இதுல ரொம்ப வலிக்கிறது எதுன்னா, எந்தெந்த பேக்கேஜ் வேணும்னு பார்த்து இறக்கற ஏபிடி இதை முன்கூட்டி சொல்லவே சொல்லாது. எது எதுக்கு வேணும், எது எதோட ஒத்துப்போகாதுன்னு சொல்ற டிபென்ட்ஸ், கான்ஃப்ளிக்ட்ஸ், பிரேக்ஸ் மாதிரி கன்ட்ரோல் ஃபைல்ல நீங்க எழுதி வெச்சதை மட்டும்தான் பார்க்கும், உள்ள என்னென்ன ஃபைல் இருக்குன்னு பார்க்காது. நீங்க எதுவும் எழுதலைன்னா எல்லாம் சரின்னு சொல்லி மொத்தத்தையும் டவுன்லோட் பண்ணிட்டு, அன்பேக் பண்றப்பதான் நிக்கும். ஃபைபர் லைன் இருக்கிறவங்களுக்கு இது பெருசா தெரியாது. நாங்க இங்க ஊர் படிப்பகத்துல, பிள்ளைங்களுக்கு கிடைச்ச பழைய இலவச லேப்டாப்புகளை வெச்சு ஓட்டிட்டு இருக்கோம், நெட்டுன்னா ஃபோன் ஹாட்ஸ்பாட்தான், அதுவும் ஜன்னலோரமா ஃபோனை வெச்சாதான் சிக்னல், ஐப்பசி மழை பிடிச்சுட்டா கரன்ட்டும் போயிடும் டவரும் போயிடும். அன்னன்னைக்கு டேட்டா தீர்ந்துடும்னு ரெண்டு மூணு பேர் ஃபோனை மாத்தி மாத்தி போட்டு ராத்திரி முழுக்க இறக்கினது, விடியக்காலம் பாத்தா பாதியில தொங்குது. பாதியில நின்னதை சரிபண்ற ஃபிக்ஸ் புரோக்கன் கட்டளை கொடுத்தா திரும்ப அதே ஃபைல்ல வந்து அதே எரர்.

பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு, அம்மா தேயிலை பறிக்கப் போறவங்க, தமிழ் ப்ராஜெக்டை எங்ககிட்டதான் டைப் பண்ணிட்டு இருந்துச்சு. மறுநாள் காலையில தமிழ் டைப்பிங்கை இயக்கற ஐபஸ் எந்திரிக்கல, தமிழ்ல ஒரு எழுத்து விழல. அது மழையில பஸ் பிடிச்சு கோத்தகிரி போய் பிரவுசிங் சென்டர்ல பக்கத்துக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்து அடிச்சுட்டு வந்துச்சு. அந்த காசு அவங்க வீட்டுக்கு சின்ன காசு இல்லீங்க.

பேர் மாத்தாதீங்க, பிரிக்காதீங்கன்னு நான் சொல்லல. 2038 பிரச்சனைக்காக (32 பிட் நேரக் கணக்கு அந்த வருஷத்தோட நிரம்பிடும்) டெபியன்ல 2024ல நூத்துக்கணக்கான லைப்ரரி பேக்கேஜுகளுக்கு டி64ன்னு பேர் மாத்தினாங்க, பழைய பேக்கேஜோட ஃபைலை புதுசு எடுத்துக்குதுன்னு பிரேக்ஸ், ரீப்ளேசஸ் எழுதித்தான் அதை செஞ்சாங்க. நான் கேக்கறதும் அதேதான். புது பேக்கேஜ்ல, எந்த வெர்ஷனுக்கு முந்தினதுன்னு குறிச்சு பிரேக்ஸ், ரீப்ளேசஸ் ரெண்டையும் போடுங்க. பழசை உள்ள எதுவும் இல்லாத டிரான்சிஷனல் பேக்கேஜா ஆக்கி, புதுசைக் கைகாட்ட விடுங்க. மெட்டா பேக்கேஜ் ரெண்டும் ஒரே பேரைக் கேக்கட்டும்.

இதைச் சொல்லி பக் போட்டா டூப்ளிகேட்னு மூடுறீங்க, மூடினதுக்கு அப்புறம் அந்த பழைய பக்கும் யாரும் தொடாம கிடக்கு. சிலர், இருக்கிற ஃபைல் மேலயே கட்டாயமா எழுத வைக்கிற ஃபோர்ஸ் ஓவர்ரைட் போட்டுக்கோங்கன்னு சொல்றாங்க, அது பாதுகாப்புக்கு வெச்ச பூட்டையே உடைக்கிற வேலை, அதை பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு நான் எப்படி சொல்லிக் கொடுக்கிறது? இன்னும் சிலர் ஃப்ரெஷ் இன்ஸ்டால் பண்ணுங்கன்னு ஒரே வரியில முடிச்சுடறாங்க. மொத்த சிஸ்டமும் அடங்கின ஒரு முழு ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கறது மலையில எப்படின்னு அவங்க ஒரு தடவையாவது யோசிச்சிருப்பாங்களா? ரிலீஸுக்கு முன்னாடி காலி விஎம்ல (கம்ப்யூட்டருக்குள்ள ஓடற இன்னொரு கம்ப்யூட்டர்) டெஸ்க்டாப் மெட்டா பேக்கேஜை மட்டும் புதுசா போட்டு பாத்தா இந்த தப்பு தெரியாது, கல்வி மெட்டா பேக்கேஜும் இருக்கிற பழைய ரிலீஸ்லேர்ந்து ஏத்திப் பாத்தா தெரிஞ்சிருக்கும். பியூபார்ட்ஸ்னு டூல் இருக்கு, இன்ஸ்டால், அப்கிரேட், ரிமூவ் எல்லாத்தையும் தானே ஓட்டி சொல்லும். அதை ஓட்டியிருந்தா அந்த பொண்ணு பஸ் ஏறியிருக்காது.

கோவத்துல கொஞ்சம் கூடவே பேசிட்டேன்னா மன்னிச்சுக்கோங்க. நீங்க பெரும்பாலும் சம்பளமில்லாம செய்யறீங்கன்னு தெரியும், அந்த உழைப்பாலதான் எங்க லேப்டாப்பெல்லாம் இன்னும் ஓடுது. தயவுசெஞ்சு அந்த ஃபைலை ஒரே பேக்கேஜ்ல வெச்சு, பிரேக்ஸ், ரீப்ளேசஸ் போட்டு அடுத்த பாயின்ட் ரிலீஸ்ல (இடையில வர்ற திருத்த வெளியீடு) விடுங்க. பழைய ரிலீஸ் இருக்கிற ஒரு லேப்டாப்பை அப்கிரேட் பண்ணாம இதுக்குன்னே தனியா வெச்சிருக்கேன். டெஸ்டிங்ல போட்டதும் சொல்லுங்க, ஓட்டிப் பாத்து முழு லாக்கும் அனுப்பி வைக்கிறேன்.