தீர்க்கதரிசனம் வந்தால் நிதானித்துப் பார்

என் அருமை மகளுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை அப்பாவும் நானும் கேட்டோம். வீட்டுக்கூட்டத்துக்கு வந்த ஊழியக்காரர் உன் தலையில் கைவைத்து, "இந்த வருஷம் முடியுமுன் உன் எல்லையை மாற்றுவேன், இந்த வேலையை விட்டுவிடு, உனக்கு நியமித்தவன் இந்தச் சபையிலேயே இருக்கிறான்" என்று சொல்லியிருக்கிறார். "சோதித்துப் பார்த்தால் அவிசுவாசம் ஆகிவிடுமா அம்மா?" என்று கேட்கிறாய். ஆகாது. தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதின பவுல், அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். கொரிந்து சபைக்கோ இன்னும் நேராக: இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கட்டும், அதாவது சோதித்து அறியட்டும் (1 கொரி 14:29). பேசினவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரரானாலும் நிதானிப்பது கேட்டவர்களின் வேலை.

முதலில் ஒரு நோட்டை எடு. தேதி, இடம், கூட இருந்தவர்கள் பெயர் எல்லாம் எழுது. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் அவர் சொன்னதை ரெக்கார்டிங்கைக் கேட்டு ஒரு வார்த்தை மாற்றாமல் எழுது. நீ புரிந்துகொண்டதை வலப்பக்கம் எழுது. "எல்லையை மாற்றுவேன்" இடப்பக்கத்தில் வரும். நீ சொல்லும் "கனடா" வலப்பக்கத்தில்தான் வரும், அதை அவர் சொல்லவே இல்லை. பாதிக் குழப்பம் இந்தக் கோட்டைப் போடாததால் வருவது.

அப்போஸ்தலர் 21-ஐ எடுத்து வாசி. எருசலேமுக்குப் போகப் புறப்பட்ட பவுலின் கச்சையால் அகபு என்ற தீர்க்கதரிசி தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இதை உடையவர் எருசலேமில் இப்படிக் கட்டப்படுவார் என்றார். போக வேண்டாம் என்று அகபு சொன்னதாக அங்கே இல்லை. அழுது தடுத்தது கேட்டவர்கள். பவுல் செய்தியை ஏற்றுக்கொண்டார், அவர்கள் எடுத்த முடிவை ஏற்கவில்லை, போனார். அகபு சொன்னபடியே கட்டப்பட்டார். நடக்கப்போவது இன்னது என்பது வேறு, அதனால் நீ இன்னது செய் என்பது வேறு.

இனி எழுதி வைத்ததைத் தரம் பிரி. தேற்றுகிற, திடப்படுத்துகிற வார்த்தையானால் வேதத்துக்கு ஒத்திருந்தால் போதும், வாங்கிக்கொள். 1 கொரி 14:3 சொல்லும் பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல் மூன்றும் அதுதான். வேலை, ஊர், கல்யாணம், பணம் பற்றின வார்த்தைக்குத்தான் நிதானிப்பு அதிகம் வேண்டும். உனக்கு வந்ததில் முக்கால்வாசி அந்த வகை.

அவருக்கு முன்கூட்டியே என்ன தெரியும் என்றும் பார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் கல்யாணமாகாத நர்ஸுக்கு வேலை, இடமாற்றம், மாப்பிள்ளை என்று மூன்றையும் சொல்ல வெளிப்பாடு தேவையில்லை. கூட்டம் வைத்த வீட்டார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே போதும். அவர் ஏமாற்றினார் என்று சொல்லவில்லை. நல்ல மனுஷரே தன் யோசனையைக் கர்த்தர் வார்த்தையென்று சொல்லிவிடுவதுண்டு. நாத்தான் மெய்யான தீர்க்கதரிசி. ஆலயம் கட்ட ஆசைப்பட்ட தாவீதிடம், மனதில் உள்ளபடி செய்யும் என்றார். அன்று ராத்திரியே கர்த்தர் அதைத் திருத்தினார் (2 சாமு 7). நாத்தானும் மறுபடி போய்த் திருத்திச் சொன்னார்! அப்படித் திரும்பி வந்து சொல்கிற ஊழியக்காரர் கிடைத்தால் விடாதே.

ஒருவேளை உன் போன் நம்பரையே சொல்லியிருந்தாலும் அவசரப்படாதே. அடையாளம் பலித்தாலும் தேவனைவிட்டு விலக்குகிறவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது உபாகமம் 13. பலித்தது என்பது மட்டும் சாட்சி ஆகாது.

ஜெபித்தபோது கர்த்தர் உனக்கு ஏற்கெனவே தெளிவாக உணர்த்தினது எது என்று கேட்டுப் பார். 1 இராஜாக்கள் 13-இல் அப்பம் புசிக்காதே என்ற கட்டளை யூதாவிலிருந்து வந்த தேவமனுஷனுக்கு நேரடியாக வந்தது. கிழவரான ஒரு தீர்க்கதரிசி, தேவதூதன் சொன்னான் என்று பொய் சொல்லி அழைக்க, அவன் திரும்பிப் போய்ச் சாப்பிட்டான். வழியில் சிங்கம் கொன்றது. மூத்தவர் சொல்கிறாரே என்று நம்பினதற்கு அவன் கொடுத்த விலை அது.

சாட்சி தேடும்போது எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதே. அதே ரெக்கார்டிங்கைக் கேட்ட மூன்று அக்காமார் "எனக்கும் சமாதானமாய் இருக்கிறது" என்றால் அது மூன்று சாட்சியல்ல, ஒன்றுதான். உன் பாஸ்டரிடமும், உன் முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத, உன் குணம் தெரிந்த ஒருவரிடமும் நோட்டைக் காட்டு. இடப்பக்கத்தை மட்டும் காட்டு.

கல்யாண விஷயத்தில் அம்மா கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். "கர்த்தர் காட்டினார்" என்று எந்தத் தம்பி வந்து நின்றாலும், சம்பளம், கடன், குடும்பம், உடல்நிலை, சபையில் சாட்சி எல்லாம் விசாரித்த பிறகுதான் பேச்சு. கேட்டால் கோபப்படுகிறவரோடு பேச்சே வேண்டாம்.

பணம் கேட்டால் அங்கேயே நிறுத்து. விதைக் காணிக்கை, தனி ஜெபத்துக்குக் கட்டணம், பெயர் எதுவானாலும் சரி. பணத்துக்குக் குறிசொல்லும் தீர்க்கதரிசிகளை மீகா கண்டித்தார். ஆதிச்சபையின் டிடாகே என்ற கையேடும், ஆவியில் பேசுகிறேன் என்று தனக்குப் பணம் கேட்கிறவனுக்குச் செவிகொடுக்க வேண்டாம் என்கிறது. ஏழைகளுக்காகக் கேட்டால் குற்றம் சொல்லாதே என்றும் அதே இடத்தில் இருக்கிறது, அதையும் மறக்காதே.

ராஜினாமா, நிச்சயதார்த்தம், கடன், மருந்தை நிறுத்துவது. திரும்ப எடுக்க முடியாத இந்தக் காரியங்களை ஒரு வார்த்தையின் பேரில் மட்டும் செய்யாதே. உன் விசா ஆஸ்பத்திரி ஸ்பான்சர்ஷிப்பில் இருக்கிறது. வேலை போனால் வேறு ஸ்பான்சர் தேடக் கொஞ்ச நாள்தான் கிடைக்கும். கனடாவுக்கு வழி திறந்தால் ஆஃபர் கடிதம் கையில் வரட்டும், பிறகு நோட்டீஸ் கொடு. தைராய்டு மாத்திரையை "சுகமானாய்" என்று யார் சொன்னாலும் ரத்தப் பரிசோதனையும் டாக்டரும் சொல்லாமல் நிறுத்தாதே. நர்ஸான உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அவர் மறுபடி போன் செய்து என்ன முடிவு என்று கேட்டால், "ஜெபித்துப் பார்க்கிறேன் ஐயா, பாஸ்டரிடமும் கேட்கிறேன்" என்று மரியாதையாய்ச் சொல். கூட்டத்தில் ஆமென் சொல்லிவிட்டேனே என்று தவிக்காதே. பாபிலோனுக்குக் கொண்டுபோனதெல்லாம் இரண்டு வருஷத்தில் திரும்பி வரும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி சொன்னபோது எரேமியாவும் ஆமென் என்றுதான் சொன்னார். பிறகு அது பொய்யென்று வெளிப்பட்டது.

வருஷம் முடிந்தும் ஒன்றும் நடக்காவிட்டால் "உன் விசுவாசம் போதாது" என்று யாராவது பழியை உன்மேல் போடுவார்கள். வாங்கிக்கொள்ளாதே. நினிவே நகரம் மனந்திரும்பினதால் யோனா சொன்ன அழிவு நின்றது உண்மைதான். அது நாற்பது நாள் என்று குறித்திருந்தாலும் நியாயத்தீர்ப்பின் எச்சரிப்பு, உனக்குச் சொன்னதுபோல் நன்மை தருவேன் என்ற வாக்கு அல்ல. 2020 அமெரிக்கத் தேர்தலில் டிரம்ப் ஜெயிப்பார் என்று தீர்க்கதரிசனம் சொன்ன பிரசங்கிமாரில் சிலர் பிறகு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். தவறினால் சொன்னவர்தான் அப்படிக் கணக்குக் கொடுக்க வேண்டும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் நேரம் கேள். அதற்கு முன் இடப்பக்கத்தைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பு.

ஜெபத்துடன்,
அம்மா