மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஓர் உரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைவர்களுக்கு மேடைப்பேச்சு எழுதித் தருபவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அறிவியலைப் போற்றும் உரை எப்படித் தயாராக வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் அதில் விடுபட்டிருக்கிறது. 1988 செப்டம்பர் 27 அன்று லண்டனில், பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் விருந்தில் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் ஆற்றிய உரையைச் சொல்கிறேன்.

தாட்சர் ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்தவர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டோரதி ஹாட்ஜ்கினின் மாணவி. அப்படிப்பட்ட தாட்சரே அந்த ஓர் உரைக்காக, அறிவியல் ஆலோசனை சொல்லிவந்த ஜார்ஜ் கைஸுடன் இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து உழைத்திருக்கிறார். பிரதமராக இருந்துகொண்டே! அந்த உழைப்பு உரையில் தெரிகிறது. மின்சாரத்தை ஆராய்ந்த விஞ்ஞானி ஃபாரடேயின் ஆய்வுக்கு இன்றுள்ள மதிப்பு, பங்குச் சந்தையின் மொத்தப் பங்குகளின் மதிப்பையும் மிஞ்சும் என்றார். அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலத்தில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்ட ஓட்டையைப் பேசினார். பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்கள் பெருகுவதையும் அமில மழையையும் சொல்லி, இந்தப் பூமியை வைத்தே நம்மை அறியாமல் ஒரு பெரும் சோதனையைத் தொடங்கிவிட்டோமோ என்று கேட்டார்.

தொலைக்காட்சிக்காரர்கள் வரவில்லை. அவர்களுடைய விளக்கு வெளிச்சத்தை நம்பியிருந்தவருக்கு, மங்கலான அந்த மண்டபத்தில் எழுத்து தெரியவில்லை. மேசைமீதிருந்த மெழுகுவத்தித் தாங்கிகளைக் கைமாற்றிக் கொண்டுவந்து வைத்த பிறகே வாசித்தாராம். இந்தக் காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை.

தாட்சரின் அரசு பல்கலைக்கழகங்களுக்கான நிதியை வெட்டியதையும், அதனால் 1985இல் ஆக்ஸ்ஃபோர்டு அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர மறுத்ததையும் நான் மறக்கவில்லை. அந்த வெட்டு தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த உரை பேச்சோடு நிற்கவில்லை. 1990இல் காலநிலை ஆய்வுக்கான ஹேட்லி மையத்தை அவரே திறந்துவைத்தார்.

முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தியவள் நான். தேசிய அறிவியல் நாள் விழாக்களில் எத்தனையோ விருந்தினர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். ராமன் விளைவு என்ற பெயர் தவறாமல் வரும். ஒளி மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது அதன் நிறம் ஏன் சற்றே மாறுகிறது என்பது மட்டும் வராது. முன்வரிசைப் பிள்ளைகள் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். எழுதித் தந்தவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து, "இது என்ன, விளக்குங்கள்" என்று விருந்தினர் கேட்டிருந்தால் போதும்.

தாட்சரின் அந்த உரையைத் தக்க அனுமதி பெற்று, முழுமையாகத் தமிழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை