துக்கம் விசாரிக்க வந்த நாலு பேர்

அன்புள்ள சேகர்,

உன் இரண்டு கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை. திட்டுவதென்றால் இப்போதே திட்டி முடித்துவிடு. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி, கமலாவுக்கு என்மேல் கோபம், இரண்டும் பழையபடிதான்.

போன ஞாயிறு ராத்திரி தூக்கம் வராமல் ஒரு பழைய பிரெஞ்சுப் படம் பார்த்தேன். பேர் 'லே பார்பூஸ்'. 1964இல் வந்தது, கறுப்பு வெள்ளை, ஜார்ஜ் லோட்னர் இயக்கியது. உளவாளிப் படம் என்றதும் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதே. உன் சேலம் சாகசத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பெனார் ஷா என்று ஒரு ஆயுத வியாபாரி செத்துப்போகிறான். அவன் கையில் வைத்திருந்த ஆயுதக் காப்புரிமைகள்தான் புதையல். அவை இப்போது கோட்டையில் தனியாக இருக்கும் அவன் பெண்டாட்டி அமராந்த் வசம். நாலு நாட்டு உளவாளிகளுக்கும் ஒரே கணக்கு: அவளை மயக்கிவிட்டால் காகிதம் கைக்கு வந்துவிடும். சரி, உள்ளே நுழைவது எப்படி? துக்கம் விசாரிக்கத்தான்! பிரெஞ்சுக்காரன் செத்தவனுக்குச் சித்தப்பா பிள்ளை முறை என்று வருகிறான். ரஷ்யாக்காரன், நாங்கள் ஒரே தாதியிடம் பால் குடித்தவர்கள் என்கிறான். பாதிரி அங்கியில் வரும் ஆள், அவர் பாவங்களைக் கேட்ட குரு நான்தான் என்கிறான். ஜெர்மன்காரன் மனநல டாக்டராம். நாலு பேருக்கும் மற்ற மூன்று பேர் யாரென்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அப்படி ஒரு மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள். நம் தொப்பியும் அவன் மாமனாரும் பேசிக்கொள்வார்களே, அதே மரியாதை. ராத்திரியானால் ஒருவனை ஒருவன் தீர்த்துக்கட்டப் பார்ப்பது. அமெரிக்காக்காரன் மட்டும் உறவு கிறவு என்று சுற்றாமல் டாலரோடு வந்து நிற்கிறான்.

பிரெஞ்சு ஆளாக வரும் லினோ வெந்துரா, நடிக்க வருவதற்கு முன் நிஜமாகவே மல்யுத்தம் செய்தவர். பஸ்ஸைத் தவறவிட்டவன் முகம் அவருக்கு. படம் முழுக்கச் சிரிக்காமலே சிரிக்க வைக்கிறார். வசனம் மிஷேல் ஓதியார். அடியில் ஓடும் எழுத்தில் பாதி நக்கல் செத்துப்போகிறது, அது எனக்கே தெரிந்தது. ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. சீன உளவாளிகளைக் கரப்பான்பூச்சி மாதிரி மூலைக்கு மூலை கூட்டம் கூட்டமாக வரவிட்டுச் சாகடிக்கிறார்கள். அந்தக் காலத்துக் கொழுப்பு.

'பார்பூஸ்' என்றால் தாடி, பொய்த்தாடி. அதிலிருந்து ரகசிய ஆட்களுக்கே அந்தப் பேர் ஆகிவிட்டது. பிரான்ஸிடமிருந்து விடுதலை கேட்டு நடந்த அல்ஜீரியப் போரின் கடைசியில், அந்த விடுதலையைத் தடுக்கக் குண்டு வைத்துத் திரிந்த ஓ.ஏ.எஸ். என்ற பிரெஞ்சு ரகசியக் கும்பலை ஒடுக்க அனுப்பப்பட்ட நிழல் ஆட்களையும் இப்படித்தான் சொன்னார்கள். 1962 ஜனவரியில் அல்ஜியர்ஸில் இந்த நிழல் ஆட்கள் இருந்த வீட்டிலேயே குண்டு வெடித்துப் பலர் செத்தார்கள். மூன்று வருஷம்கூட ஆகவில்லை, அதே பேரில் ஊரே சிரிக்க ஒரு படம்! தைரியமா, மறதியா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சிரித்துக்கொண்டே இருந்தவன், அந்த நாலு பேரும் கறுப்பு உடுப்பில் வரும் இடத்தில் அடங்கிப்போனேன். பெரியப்பா காரியத்துக்கு நீ வரமுடியாமல் போனதே, நல்லதாகப் போயிற்று. பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து இலை எடுப்பதற்குள் ஆளுக்கொரு பக்கம் ஆரம்பித்துவிட்டார்கள். மூலப்பத்திரம் எங்கே, மூலப்பத்திரம் எங்கே! திருச்சி அத்தை அழுதுகொண்டே மெத்தையைத் தூக்கிப் பார்க்கிறாள். இதுவரை கண்டிராத ஒருவர், "அண்ணன் என்னிடம்தான் எல்லாம் சொல்வார்" என்கிறார். நான் யோக்கியன் என்று நினைக்காதே. எல்லோரும் காப்பிக்குப் போன நேரம் பார்த்து, முக்காலி போட்டு ஏறி, பீரோவின் மேல்தட்டைத் துழாவினேன்.

பத்திரம் இல்லை. ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. மூடி துருப்பிடித்து, கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறந்தேன். உள்ளே ரப்பர் பேண்டு போட்டு, ஹாஸ்டலிலிருந்து நாம் இரண்டு பேரும் அவருக்குப் பணம் கேட்டு எழுதிய தபால் கார்டுகள், தேதி வாரியாக. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அனுப்பிய தொகையை மையால் குறித்திருக்கிறார். டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திருடன் மாதிரி இறங்கினேன். அத்தை இன்றைக்கும் நான்தான் பத்திரத்தைக் கொண்டுபோய்விட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன் கார்டு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். முப்பது ரூபாய் கேட்டிருக்கிறாய், 'பௌதிகப் புத்தகம் வாங்க'. ஓரத்தில் முப்பத்தைந்து என்று குறித்திருக்கிறார். அன்றைக்கு நாம் போன படம் எது? உனக்காவது ஞாபகம் இருந்தால் எழுது.

உன்,
ராமு