துடுப்பு வலிக்க வருவோருக்கு வழிகாட்டி எங்கள் கரையிலிருந்தே வரட்டும்

இலங்கையின் வடக்கே வன்னிக் கரையோரத்தில் சுற்றுலாவுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும், கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு மாவட்டங்களின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

பூநகரிக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட கரையில் கடற்றொழில் செய்யும் குடும்பமொன்றில் பிறந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எங்கள் தீவுகளையும் கண்டற்காடுகளையும் காட்டுவதற்கு, கயாக் எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகுகளில் பயணிகளை அழைத்துச் செல்லும் முயற்சிகள் தொடங்கியுள்ளன. அதை நான் எதிர்க்கவில்லை. இயந்திரச் சத்தமும் எண்ணெய்ப் படலமும் இல்லாமல் முழங்காலளவு தண்ணீரிலும் போகக்கூடிய அந்தப் படகு, ஆழம் குறைந்த எங்கள் கடலுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் செல்லும் வழிகாட்டி அந்தக் கடலில் தொழில் செய்து வளர்ந்தவராகவும், முறையான பயிற்சியும் உரிமமும் பெற்றவராகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் எவருக்கும் அனுமதி வழங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதைக் கேட்க எனக்குக் காரணம் உண்டு. ஒரு மாசி மாதக் காலையில், வெளியிடத்திலிருந்து வந்த குழுவொன்று ஆறு கயாக்குகளில் எங்கள் கரையிலிருந்து புறப்பட்டது. கடல் கண்ணாடிபோல் கிடந்தது. அவர்களை அழைத்துவந்த வழிகாட்டி துடுப்பு வலிப்பதில் தேர்ந்தவர்தான். ஆனால் மதியம் திரும்பியதும் மேற்கிலிருந்து கடற்காற்று எழும் என்பதையும், அதற்கு முன் கரை சேர்ந்துவிட வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை. காற்று அவர்களைக் கரைப்பக்கம் தள்ளியது உண்மை. ஆனால் கரைக்கு முன்னே கம்புகள் நட்டுக் கட்டிய எங்கள் களங்கண்டி வலைகள் நின்றன. இரண்டு படகுகள் வலையில் சிக்கிக் கவிழ்ந்தன. தண்ணீர் நெஞ்சளவே இருந்தபடியால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் பெடியள் போய் அவர்களைக் கூட்டிவந்து தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். கிழிந்த வலைக்கோ போன மீன்பாட்டுக்கோ யாரும் பதில் சொல்லவில்லை. அந்த வலைக்காரர் அடுத்த கிழமை முழுவதும் கரையிலிருந்து வலை பொத்திக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர் அமைதியான கடலில் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீற்றர் போவார். எதிர்க்காற்று மணிக்கு 25, 30 கிலோமீற்றரை எட்டினால் அவர் வலித்து வலித்து நின்ற இடத்திலேயே நிற்பார். ஆழம் குறைந்த கடலில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் எழும் என்பதால், ஆழ்கடலில் பழகியவருக்கும் இங்கு நிலை தடுமாறும். மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும். கார்த்திகை பிறந்தால் வாடை எனும் வடகீழ்க் காற்று பிடிக்கும். இரண்டுக்கும் இடையில் பங்குனி, சித்திரையும், ஐப்பசியின் சில நாட்களுமே புதியவர்களுக்கு உகந்தவை, அவற்றிலும் காலை வேளை மட்டுமே. ஆண்டு முழுவதும் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இந்தக் கடலுக்குப் பொருந்தாது.

கடலை அறிந்திருப்பது மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. கவிழ்ந்த கயாக்கை ஆழத் தண்ணீரில் நிமிர்த்தி, உள்ளே புகுந்த நீரை வெளியேற்றி, பயந்துபோனவரை மீண்டும் ஏற்றுவது தனியாகப் பழக வேண்டிய வித்தை. களைத்தவரின் படகைக் கயிற்றில் இழுப்பது, வானொலிக் கருவியில் உதவி கேட்பது, வெயிலில் மயங்கியவருக்கு முதலுதவி செய்வது ஆகியவையும் அவ்வாறே. பிறந்த நாள் முதல் கடலோடு இருக்கும் எங்கள் பிள்ளைகளிற் பலர் உயிர்காப்பு அங்கி அணியாமல் தொழிலுக்குப் போகிறார்கள் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பழக்கத்தோடு அவர்கள் பிறரின் உயிருக்குப் பொறுப்பேற்க முடியாது. ஆகவே பயிற்சிக்கு அரசு செலவழிக்க வேண்டும். அதற்குரிய இளைஞர்களையும் யுவதிகளையும் சங்கங்கள் முன்மொழிய வேண்டும்.

இரணைதீவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1992 இல் போரினால் அந்தத் தீவை விட்டு வெளியேறிய மக்கள், எதிரேயுள்ள முழங்காவிற் கரையில் இருந்தபடி தங்கள் ஊரை எட்டத்தில் பார்த்துக்கொண்டே வாழ்ந்தார்கள். ஊருக்குத் திரும்ப விடுமாறு கேட்டு 2017 மே மாதம் தொடங்கிய தொடர் போராட்டத்தின் பின், 2018 ஏப்ரல் 23 ஆம் திகதி தாங்களே படகுகளில் ஏறித் தீவில் இறங்கினார்கள். கால் நூற்றாண்டு காத்திருந்து மீட்ட மண்ணில் அடுத்தவர் கால் வைப்பதற்கு அவர்களின் சம்மதம் கேட்கப்படுவது மரியாதை மட்டுமன்று, உரிமையும் ஆகும். அங்கு பயணிகள் எங்கே இறங்கலாம், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை பேர் வரலாம் என்பதையெல்லாம் அந்த மக்களே தீர்மானிக்கட்டும். குடிநீர் அரிதான தீவில் இருபது பேர் ஒரு பொழுது தங்குவதே பெரிய சுமை.

தீவைச் சுற்றியுள்ள கடலடியில் சாதாழை எனும் கடற்புல் வளர்கிறது. நண்டும் இறாலும் கடலட்டையும் அதை நம்பியே வாழ்கின்றன. சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட ஆவுளியா எனும் கடற்பசுவின் உணவும் அதுதான். சத்தமில்லாமல் போகும் படகு தீங்கு செய்யாது என்ற எண்ணம் தவறானது. மூச்செடுக்க மேலே வரும் ஆவுளியாவைப் படம் பிடிக்க ஐந்து படகுகள் சூழ்ந்தால் அது மிரண்டு மேய்ச்சலைக் கைவிட்டுப் போய்விடும். 2016 இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனம் செய்யப்பட்ட விடத்தல்தீவிலும், வலசைப் பறவைகள் இறங்கும் வங்காலையிலும் இதே கவனம் வேண்டும். எங்கே துடுப்பை நிறுத்த வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் வழிகாட்டியிடம் இருக்க வேண்டும். பயணி காசு கொடுத்தவர் என்பதற்காக அவர் விட்டுக்கொடுக்கும் நிலை வரக்கூடாது.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை என்று யாரும் சொல்ல முடியாது. எக்குவடோர் நாட்டுக் கலாபகசுத் தீவுகளின் தேசியப் பூங்காவில், பூங்கா நிர்வாகத்தின் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் பயணிகள் பார்வையிடும் பெரும்பாலான இடங்களுக்குப் போக முடியாது. கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு: தாய்லாந்தின் மாயா குடா, அளவுக்கு மீறிய கூட்டத்தால் முருகைக்கற்கள் எனும் பவளப்பாறைகள் சிதைந்து, 2018 இல் மூடப்பட்டு 2022 இலேயே மீண்டும் திறக்கப்பட்டது.

சங்கங்களின் தலைவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். எந்தெந்த மாதம் எந்தெந்த இடத்தில் வலை நிற்கும், கடலட்டைப் பண்ணைகளின் எல்லை எது என்பவற்றை வரைபடமாக்கி, அனுமதி கேட்டு வருவோர் கையில் கொடுங்கள். சேதத்துக்கான இழப்பீட்டுத் தொகையை முன்கூட்டியே சங்கத்தில் வைப்பிலிடச் செய்யுங்கள்.

அதிகாரிகளே, விதிகளை எழுதி முடிப்பதற்கு முன் ஒரு நாள் எங்கள் கரைக்கு வாருங்கள். விடியற்காலையில் படகில் ஏற்றி, வலைகள் நிற்கும் இடங்களையும் சாதாழை படர்ந்த திடல்களையும் காட்டுகிறோம். மதியம் காற்று எழும்வரை எங்களோடு இருந்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
வன்னிக் கரையோரக் கடற்றொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன்