கிறிஸ்தவர் என்று சொல்ல ஏன் இந்தத் தயக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் அயலில் வசிக்கும் இளம் தாய் ஒருவர், மகளை முதலாம் தரத்தில் சேர்ப்பதற்கான விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தரும்படி அண்மையில் என்னிடம் வந்தார். பெயர், பிறந்த திகதி, முகவரி எல்லாம் எழுதி, 'சமயம்' என்ற கட்டத்தில் 'கிறிஸ்தவம்' என்று எழுதப்போன என் கையை அவர் மெல்லப் பிடித்துக்கொண்டார். "அப்பிடி எழுத வேணாம் ரீச்சர். நாங்க கிறிஸ்தவங்க இல்ல, விசுவாசிகள்" என்றார். கிறிஸ்தவ பாடம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். அந்தச் சொல் என்னைச் சில நாட்களாக விடாமல் வருத்துவதால் இதை எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் இந்தப் பெயரை 'எங்களுடையது' என்று சொல்ல ஆளில்லாமற் போய்க்கொண்டிருக்கிறது. கத்தோலிக்கச் சகோதரர்களைக் கேட்டால், "நாங்கள் கத்தோலிக்கர், கிறிஸ்தவர் என்றால் மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபையார்" என்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது; பாடசாலையில் கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் இரு வேறு பாடங்கள், குடிசன மதிப்பீட்டிலும் 'றோமன் கத்தோலிக்கர்', 'ஏனைய கிறிஸ்தவர்' என்று இரு வேறு நிரல்கள். புதிய சபைகளில் உள்ளவர்களோ, "கிறிஸ்தவம் மதம், எங்களுடையது மதமல்ல, இயேசுவோடுள்ள உறவு" என்கிறார்கள். மெதடிஸ்த சபையைச் சேர்ந்த எங்களில் பலருக்கு இது பிறப்புச் சான்றிதழோடு வந்த சொல்லாகிவிட்டதால், அதைப் பற்றி நாங்கள் யோசிப்பதே இல்லை.

தயங்குகிறவர்களின் நியாயத்தை நான் அறியாதவளல்ல. சைவக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் விசுவாசத்துக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றி ஊரில் 'வேதத்துக்குப் போயிட்டாள்' என்று சொல்லும்போது, அவள் தாய் வீட்டைவிட்டே போய்விட்டாள் என்ற தொனி அதற்குள் இருக்கிறது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு உறவெல்லாம் கூடும்போது, வாசலில் நின்று தாயின் முகத்தைப் பார்க்கத் தயங்கும் அவளுக்கு, 'விசுவாசி' என்ற சொல் சற்று இதமாக இருக்கிறது. அந்தப் பெண்ணை நான் ஒருபோதும் கடிந்துகொள்ளமாட்டேன்.

நான் மறுப்பது, பிரசங்க மேடைகளில் மீண்டும் மீண்டும் கேட்கும் 'பெயர்க் கிறிஸ்தவர்' என்ற சொல்லை. என் அம்மா எந்த மேடையிலும் தம் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாகச் சொன்னதில்லை, ஆவியின் ஏவுதலால் அந்நிய பாஷையில் ஜெபித்ததில்லை. விடியற்காலையில் குப்பி விளக்கடியில், ஓரங்கள் கறுத்துப்போன வேதாகமத்தை மடியில் வைத்து, விரலால் வரி வரியாகத் தொட்டு வாசிப்பார். வாசித்து முடித்ததும், அயல் வீட்டில் நோயாளி இருந்தால் கஞ்சியோடு அங்கே போவார். அவர் தம்மைக் கிறிஸ்தவள் என்றுதான் சொன்னார். அவரைப் போன்றவர்களைப் 'பெயருக்கு இருந்தவர்கள்' என்று ஒதுக்கிவைத்துத்தான் புதிய விசுவாசி தம் விசுவாசத்தை நிறுவ வேண்டுமா?

கிறிஸ்தவர் என்ற சொல் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது. அந்தியோகியாவில் சீடருக்கு முதன்முதலாக அந்தப் பெயர் வழங்கியதாக அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. ஏரோதின் பக்கத்தவரை ஏரோதியர் என்றதுபோல, கிறிஸ்துவின் பக்கத்தவர் என்று வெளியார் வைத்த பெயராகவே அதைப் பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். இரண்டாவது, 26ஆம் அதிகாரத்தில், பவுலின் வாதத்தைக் கேட்ட அகிரிப்பா ராஜாவின் வாயில் வருகிறது. மூன்றாவது மட்டுமே ஒரு விசுவாசியின் சொல்: கிறிஸ்தவனாயிருப்பதால் பாடுபட்டால் வெட்கப்பட வேண்டாம் என்று பேதுரு தம் முதலாம் நிருபத்தில் எழுதுகிறார். ஊரார் வைத்த பெயரை அவர் உதறவில்லை. 'மெதடிஸ்த' என்பதும் ஒக்ஸ்ஃபோர்ட்டில் ஜோன் வெஸ்லியையும் அவருடைய நண்பர்களையும் கேலி செய்தவர்கள் வைத்த பட்டப்பெயர்தான். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்தபோது அது ஒரு சபையின் பெயராகியிருந்தது. எங்களை 'வேதக்காரர்' என்று அழைத்தவர்களும் சைவ அயலவர்களே. வேதத்தைக் கையில் வைத்திருந்ததைக் கண்டு அழைத்தார்கள்; அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று எங்கள் நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களுள் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர்களும் இருந்தார்கள். அதே காலையில் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும் கத்தோலிக்கர் கொல்லப்பட்டனர். எங்கள் ஒழுங்கையில் வெள்ளைக்கொடி கட்டிய சைவப் பிள்ளைகள், இறந்தவர்கள் ஞானஸ்நானம் எடுத்தவர்களா, எந்தச் சபை, விசுவாசியா, பெயருக்கா என்று கேட்கவில்லை. "கிறிஸ்தவங்களக் கொன்டுபோட்டாங்க" என்று ஒரு முதியவர் என் படலையில் நின்று அழுதார். பேதுரு எழுதிய அந்த வசனத்தை அதற்கு முன் எத்தனையோ தடவை வகுப்பில் வாசித்திருந்தாலும், அன்றைக்குத்தான் எனக்கு அதன் பாரம் விளங்கியது.

ஆகவே, போதகர்களிடம் நான் தாழ்மையாகக் கேட்பது இதுதான். விசுவாசி என்ற சொல்லை நன்றாகச் சொல்லுங்கள், அது வேதத்தில் உள்ள சொல். ஆனால் அதை உயர்த்துவதற்காகக் கிறிஸ்தவர் என்ற பெயரைத் தாழ்த்தாதீர்கள். சமயம் நமது பாடசாலைகளில் கட்டாய பாடம். எந்தச் சமயத்தவர் என்று பதியப்படாததால், அந்தப் பாடவேளையில் விறாந்தைக் கட்டில் தனியே குந்தியிருந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பெரியவர்களின் சொற்போரில் அந்தப் பிள்ளைகளுக்கு எந்தப் பங்கும் இல்லை.

அந்த விண்ணப்பப் படிவம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக உள்ளது. அதை ஒப்படைக்கும் நாளுக்கு முன் அந்தத் தாயின் போதகர் அவரோடு பேசி, அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்வாரானால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.