அட்வான்ஸ் எதற்காக வாங்குகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாட்டு பதிவு செய்ய ஒரு ஸ்டூடியோவில் கட்டிய ஆயிரம் ரூபாய் அட்வான்ஸைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள் என்று சென்ற வாரம் இதே பகுதியில் ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். காலை பத்து மணிக்குப் பதிவு. ஒன்பது மணிக்கே போன் செய்து வர முடியாது என்று சொல்லிவிட்டாராம். "நான் பாடவே இல்லை, மைக்கைத் தொடவே இல்லை, பிறகு எதற்குப் பணம்?" என்பது அவர் கேள்வி. அது என் ஸ்டூடியோ இல்லை. ஆனால் மதுரையில் பதினேழு வருடமாக நானும் இதே தொழிலில் இருக்கிறேன்.

அவர் மைக்கைத் தொடவில்லை, சரி. அந்த ஸ்டூடியோக்காரர் தொட்டிருப்பார். பத்து மணி செஷன் என்றால் நான் எட்டரைக்கு ஷட்டரைத் திறக்கிறேன். ஏசியை அப்போதே போட்டாக வேண்டும். டேக் எடுக்கும்போது அதன் இரைச்சல் மைக்கில் விழும் என்று அணைத்துவிடுவோம். நாலு பக்கமும் அடைத்த அறை, மதுரை வெயில், முன்கூட்டியே குளிரவைக்காவிட்டால் பல்லவி முடிவதற்குள் பாடுகிறவருக்கு வேர்த்துக் கொட்டும். அப்புறம் அவர் அனுப்பிய டிராக்கை, அதாவது பின்னணி இசையை, ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து) செய்த டிராக்கை, கம்ப்யூட்டரில் 48இல் திறந்த ப்ராஜெக்டில் மாற்றாமல் போட்டால் பாட்டு வேகமெடுக்கும், சுருதியும் முக்கால் கட்டை ஏறிவிடும். பாட வந்தவர் பாவம், தன் தொண்டைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து வெந்நீர் கேட்பார்.

இந்த வேலையையாவது என் உழைப்பு என்று விட்டுவிடலாம். அந்த நேரத்தைக் கேட்டுப் போன் செய்த மற்றவர்களிடம் "ஆள் இருக்கு" என்று சொல்லி அனுப்பினேனே, அதுதான் நஷ்டம். எங்கள் ஊரில் பங்குனி வந்தால் அழகர் பாட்டு, ஆனியில் அம்மன் பாட்டு, ஐப்பசியில் ஐயப்பன் பாட்டு, மார்கழியில் பழனி பாதயாத்திரைப் பாட்டு. திருவிழாவுக்கு முந்தைய மாதம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஸ்டூடியோ வேண்டும். மற்ற மாதங்களில் ஈ ஓட்டுவோம்.

முதல் ஏழெட்டு வருடம் நானும் அட்வான்ஸ் வாங்கியதில்லை. மதுரையில் வாய்வார்த்தைதான். 2016 ஆனி மாதம் ஒரு அம்மன் பாட்டு வேலை வந்தது. நாலு பாட்டு, தபேலா நேரடியாக வாசிக்க வேண்டும் என்றார் எடுத்தவர். திண்டுக்கல்லிலிருந்து ஒரு தபேலாக்காரரை நான்தான் சொல்லி வைத்தேன். அவர் காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்து, இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். உட்கார்ந்து, சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்தார். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. வேலை கொடுத்தவரின் போன் அணைக்கப்பட்டிருந்தது. ஒரு மணிக்கு நான் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினேன். "வாசிக்காம காசு வாங்கக் கூடாதுண்ணே" என்று பஸ் காசை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பணம் போயிருந்தால்கூட மறந்திருப்பேன். அவர் அந்தத் தபேலாவை மறுபடி துணியில் சுற்றிக் கட்டிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த வாரமே அட்வான்ஸ் ரசீதுப் புத்தகம் அச்சடித்தேன்.

சொல்லும் காரணங்களைப் பற்றி ஒரு தனிக் கடிதமே எழுதலாம். தொண்டை கட்டிவிட்டது என்று ரத்து செய்த ஒருவர், அன்று மதியமே குற்றால அருவியில் நிற்கும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். நான் பார்ப்பேன் என்று அவருக்குத் தோன்றவில்லை. நாள் நட்சத்திரம் இன்னொன்று. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். பத்து மணி செஷனுக்கு ஒருவர் பத்து முப்பத்தைந்துக்கு வந்து சேர்ந்தால், பன்னிரண்டு வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். அஷ்டமி என்று முதல்நாள் ராத்திரி அம்மா சொல்லி, காலையில் ரத்தான செஷன்கள் பல. அதனால் இப்போது டைரிக்குப் பக்கத்திலேயே தினசரி காலண்டரை மாட்டியிருக்கிறேன். தேதி குறிக்கும் முன் "வீட்டில் கேட்டாச்சா?" என்று கேட்டுவிடுகிறேன். சிரிக்காதீர்கள், பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்தது.

முதல்நாள் சாயங்காலம் போன் செய்வதும் பலன் தருகிறது. மெசேஜ் போதாது. மெசேஜைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியும், "நாளைக்கு வர்றீங்கள்ல?" என்று குரல் கேட்டால் ஆமாம், இல்லை என்று ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

வராமல் போகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிறையப் பேருக்குப் பயம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஹெட்போனோடு உட்கார்ந்து, தன் குரலை மட்டும் தனியாகக் கேட்கப்போகிறார் என்ற நினைப்பே சிலருக்கு வயிற்றைக் கலக்கும். வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவர் மூன்று முறை நேரம் வாங்கி மூன்று முறையும் வரவில்லை, அட்வான்ஸையும் கேட்கவில்லை. நானே கூப்பிட்டு, "சார், பாட வேண்டாம், சும்மா சாயங்காலம் வந்து டீ குடித்துவிட்டுப் போங்கள்" என்றேன். வந்தார். ஒரு கல்லூரிப் பெண் ஒரே வரியைப் பதினான்கு முறை பாடுவதைப் பார்த்தார். "இத்தனை தடவை பாடலாமா?" என்று கேட்டவர், அடுத்த வாரம் வந்து பாடிவிட்டார். கல்யாண வீட்டில் போட்டுக்காட்டும் அளவுக்கு நன்றாகவே வந்தது.

என் கணக்கு இதுதான். நேரம் குறிக்கும்போது பாதிப் பணம். ஒரு நாள் முன்பு சொன்னால் வேறு தேதிக்கு மாற்றித் தருவேன், ஒரு பைசா பிடிப்பதில்லை. அதற்குப் பிறகு சொன்னால் அட்வான்ஸில் பாதி போகும். சொல்லாமலே வராவிட்டால் முழுவதும் போகும். தாமதமாக வந்தால் கடிகாரம் பத்து மணியிலிருந்துதான் ஓடும், அவர் வந்த நேரத்திலிருந்து அல்ல. எனக்கு அதிகச் சண்டை வந்தது இதில்தான். துஷ்டி, ஆஸ்பத்திரி என்றால் கேள்வியே கேட்பதில்லை. பொய் சொல்லித் தப்பிக்கிறவர் இருக்கலாம், இருக்கட்டும். சாவு வீட்டுக்காரரிடம் அத்தாட்சி கேட்கும் ஆளாக நான் ஆக வேண்டாம்.

அந்த வாசகருக்கு உபயோகமான ஒரு விஷயம். என்னிடம் பாட வரும் ஒரு வக்கீல் சொன்னது: 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆவது பிரிவு. ஒப்பந்தத்தை மீறியதற்கு இவ்வளவு என்று முன்பே பேசி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியுமாம். அதைக் கேட்டபின் என் வழக்கத்தில் ஒன்றை மாற்றினேன். ரத்தான நேரத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டால், முதல் ஆளின் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஒரே நாலு மணி நேரத்தை இரண்டு பேருக்கு விற்பது வியாபாரம் இல்லை. ஆகவே அவர் அந்த ஸ்டூடியோவில் "அன்று பத்து மணிக்கு வேறு யாராவது பாடினார்களா?" என்று கேட்கட்டும். பாடியிருந்தால் தைரியமாகப் பணத்தைக் கேட்கலாம். ரத்து விதி என்னவென்று ரசீதில் எழுதியிருந்ததா என்றும் பார்க்கட்டும். வாயால்கூடச் சொல்லாத விதியைக் காட்டிப் பணம் பிடித்திருந்தால் நான் அவர் பக்கம்தான்.

விதி எங்களுக்கும் வேண்டும். 2019இல் பென்சிலால் குறித்ததை நானே மறந்து, ஒரே காலையில் இரண்டு பேருக்கு நேரம் கொடுத்துவிட்டேன். உசிலம்பட்டியிலிருந்து ஒரு டீச்சர் பள்ளிப் பாட்டுக்காக எட்டுப் பிள்ளைகளை வேனில் கூட்டி வந்திருந்தார். உள்ளே வேறு பதிவு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். டீச்சர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று நான் பணமே வாங்கவில்லை. அதிலிருந்து, தவறு என் பக்கம் என்றால் அட்வான்ஸைத் திருப்பித் தந்து, அதே அளவு நேரம் இலவசமாகவும் தருகிறேன். இதையும் ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறேன்.

நிதானமாக இவ்வளவு எழுத எனக்கு ஏது நேரம் என்று கேட்பீர்கள். இன்று பத்து மணி செஷன். இப்போது பத்து ஐம்பது. கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிறாராம். இருபது நிமிடம் முன்பும் அங்கேதான் நின்றார்.

இப்படிக்கு,
ஓர் ஒலிப்பதிவாளர்,
மதுரை.