30 பேர் கூடிச் சுடலாம், ஒருவர் தனியாகப் போகலாமா?

பெறுநர்: அடுத்த பெருந்தொற்றுக்கான விதிகளை எழுதப்போகும் லண்டன், எடின்பரோ, கார்டிஃப் அரசுகளின் அமைச்சர்களும் அதிகாரிகளும்

வணக்கம்.

முன்னாள் நீதிபதி ஹீத்தர் ஹேலட் தலைமையிலான பிரிட்டனின் கோவிட் விசாரணைக்கு மருத்துவமனை, முதியோர் இல்லம், பள்ளி என்று அலச எத்தனையோ பெரிய விஷயங்கள் இருந்தன. அவற்றுக்கு முன்னால் நான் எழுப்பும் விஷயம் மிகச் சின்னது. நாடே துக்கத்தில் இருந்தபோது மான் சுடப் போகலாமா என்று கேட்டவர்களைப் பார்த்துப் பலருக்கு எரிச்சல் வந்தது. துப்பாக்கிச் சான்றிதழ் வைத்திருக்கும் எனக்கே வந்தது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு உங்களிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. அடுத்த முறையாவது இருக்க வேண்டும் என்றுதான் இந்த மடல். தமிழில் எழுதினால் உங்கள் மேசைக்கு எப்படி வரும் என்று நினைக்காதீர்கள், மொழிபெயர்க்க லண்டனில் ஆளுக்கா பஞ்சம்?

கூடவே படிக்கும் நம்மவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுட்டால் சிறை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இங்கே நடப்பது விசித்திரமாகத் தெரியும். பிரிட்டனில் ஓநாய் இல்லை, லிங்ஸ் பூனை இல்லை, மானை அடித்துத் தின்ன வேறு பெரிய விலங்கும் இல்லை. ஆறு வகை மான்கள் இருக்கின்றன. அவற்றில் செம்மானும் ரோ மானும் மட்டும்தான் இந்த மண்ணுக்கு உரியவை, மற்ற நான்கும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஸ்காட்லாந்தில் மட்டும் 10 லட்சம் வரை இருக்கலாம் என்று அந்த அரசு அமைத்த குழுவே 2020இல் அறிக்கை கொடுத்தது. நட்ட கன்றுகளை நுனி கடித்துப் போடுவதும் பயிரை மேய்வதும் இரவில் சாலையில் குறுக்கே பாய்வதும் இவைதான். அதனால் ஆண்டுதோறும் ஒரு பகுதியைச் சுட்டுக் குறைக்கிறார்கள். அதற்கென்று பருவம் உண்டு. இங்கிலாந்தில் பெண் மான்களுக்கு நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. உருவத்தில் சிறிய மன்ட்ஜாக் மானுக்கு மட்டும் பருவத் தடையே கிடையாது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது என்றால் பெண் மான்களைத்தான் குறைக்க வேண்டும். கொம்புள்ள ஆணைச் சுட்டுச் சுவரில் மாட்டுவது வேறு கதை.

பெருந்தொற்றுக் காலத்தில் இங்கிலாந்தின் கடுமையான பொதுமுடக்கங்கள் வந்த நேரத்தைப் பாருங்கள். 2020 மார்ச் 23, அதன்பின் நவம்பர் 5 முதல் டிசம்பர் 2 வரை, அப்புறம் 2021 ஜனவரி தொடக்கத்திலிருந்து. மூன்றுமே பெண் மான் பருவத்தைத் தொட்டு நின்றவை. மார்ச் முடிவதற்குள் போகாமல் விட்டால் அடுத்த வாய்ப்பு நவம்பரில்தான். அதற்குள் அத்தனையும் ஈன்றுவிடும்.

சரி, இந்த வேலையை யார் செய்கிறார்கள்? ஸ்காட்லாந்தின் மலை எஸ்டேட்டுகளில் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள். வனத்துறை நிலங்களிலும் ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் உண்டு. இங்கிலாந்தின் சமவெளிப் பண்ணைகளிலும் சிறு காடுகளிலும் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் போவது கொத்தனார், ஆசிரியர், ஓய்வுபெற்ற தபால்காரர் மாதிரி ஆட்கள். விவசாயி அனுமதி கொடுப்பார், காசு கொடுக்க மாட்டார். இவர்களுக்கு இது பொழுதுபோக்கு, விவசாயிக்குப் பயிர்க் காவல். வேலைக்குப் போகலாம், பொழுதுபோக்குக்குப் போகக் கூடாது என்று நீங்கள் கோடு போட்டபோது அந்தக் கோடு இந்த ஆளின் நெஞ்சுக்கு நடுவே போனது.

ஜனவரி மாதத்தில் ஒரு காலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இருட்டோடு வந்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, மரத்தில் சாய்த்த உயர் இருக்கையில் ஏறி உட்கார வேண்டும். விரல் மரத்துப்போகும். விடிந்த கொஞ்ச நேரத்தில் புதரோரம் ஒரு ரோ பெண் மான் வரும். குண்டு தவறினாலும் மண்ணில் புதையும்படி அதன் பின்னால் சரிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் சுட மாட்டார்கள், எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும். சுட்டால் அங்கேயே வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, கல்லீரலிலும் நிணநீர்க் கட்டிகளிலும் நோய்க்குறி ஏதாவது தெரிகிறதா என்று பார்த்து, உடலை வண்டிவரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் இன்னொரு மனித முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இதில் வைரஸ் யாருக்குப் பரவும்?

பரவாது என்பதாலேயே எல்லோரையும் விட்டுவிடு என்று சொல்ல வரவில்லை. வழியில் பெட்ரோல் போடுவது, மலையில் கால் முறிந்தால் மீட்புக் குழுவைக் கூப்பிடுவது, ஏற்கெனவே நிரம்பி வழியும் மருத்துவமனையில் போய்ப் படுப்பது என்று தனி மனிதனின் பயணத்திலும் பிறருக்குச் செலவு இருக்கிறது. மலைகளுக்கு வராதீர்கள் என்று மீட்புக் குழுக்கள் கேட்டுக்கொண்டதில் நியாயம் இருந்தது. நான் கேட்பது, எதை அனுமதிக்கிறீர்கள், எதைத் தடுக்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே, காரணத்தோடு எழுதுங்கள் என்பதுதான்.

2021 ஜனவரியில் என்ன நடந்தது? இங்கிலாந்தில் தூண்டில் போடுவது உடற்பயிற்சிக் கணக்கில் சேர்ந்தது. கால்ஃப் மைதானங்களை மூடினீர்கள். எல்லைக்கு வடக்கே ஸ்காட்லாந்தில் இரண்டு பேராகக் கால்ஃப் ஆடலாம். உடற்பயிற்சி என்றால் என்ன என்று இங்கிலாந்தின் சட்ட வாசகம் வரையறுக்கவே இல்லை. 'உங்கள் ஊருக்குள் இருங்கள்' என்றது வழிகாட்டுதலில்தான் இருந்தது, சட்டத்தில் தூரக் கணக்கு இல்லை. ஸ்காட்லாந்தில் உள்ளாட்சி எல்லையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம், உடற்பயிற்சிக்கு மட்டும் எல்லைக்கு அப்பால் 5 மைல் சலுகை. வேல்ஸில் உடற்பயிற்சி வீட்டு வாசலில் தொடங்கி வாசலிலேயே முடிய வேண்டும். மான்களும் இதே எல்லைகளைத் தாண்டித்தான் மேய்கின்றன. எல்லையின் ஒரு பகுதியாக ஓடும் ட்வீட் ஆற்றுக்கு வடக்கே ஸ்காட்லாந்தில் செம்மான் பெட்டைக்குப் பருவம் பிப்ரவரி 15 அன்று முடிந்துவிடும், தெற்கே இங்கிலாந்தில் மார்ச் 31 வரை போகும். எல்லையோரம் நிலம் வைத்திருந்தவருக்கு எந்தக் கரையில், எந்தத் தேதியில், எத்தனை மைலுக்குள் சுடலாம் என்று கணக்குப் போடவே ஒரு வக்கீல் வேண்டும்.

அந்தக் குழப்பத்தை நீங்கள் தீர்க்காததால் வேறு யார் யாரோ தீர்த்தார்கள். துப்பாக்கிச் சங்கங்கள் கேள்வி பதில் வெளியிட்டன, அறிவிப்பு மாறும்போதெல்லாம் அவையும் மாறின. மீதியைச் சாலையில் நின்ற காவலர் தீர்த்துக்கொண்டார். டெர்பிஷயரில் இரண்டு பெண்கள் 5 மைல் வண்டி ஓட்டிப் போய், கையில் காபியோடு ஃபோர்மார்க் நீர்த்தேக்கத்தின் ஓரம் நடந்ததற்கு ஆளுக்கு 200 பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது. நாடு முழுக்கப் பேச்சானதும் அது ரத்தானது. அதே மாதம் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் டவுனிங் தெருவிலிருந்து 7 மைல் தள்ளி ஒலிம்பிக் பூங்காவில் சைக்கிள் ஓட்டினார், அதில் தப்பில்லை என்றார்கள். காபிக் கோப்பைக்கே இந்தப் பாடு என்றால், வண்டியின் பின்பக்கத்தில் ரைஃபிளும் மான் உடலை வைக்கும் ரத்தம் தோய்ந்த தட்டும் வைத்திருப்பவரின் நிலையை யோசியுங்கள். அந்தக் காவலரையும் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த தாளில் மான் என்றே எதுவும் எழுதியிருக்கவில்லை.

இனி நீங்கள் கேட்க விரும்பாத விஷயத்துக்கு வருகிறேன்.

2020 செப்டம்பர் 14 முதல் இங்கிலாந்தில் ஆறு பேருக்கு மேல் கூடக் கூடாது என்றீர்கள். குழந்தைகளையும் சேர்த்துத்தான் அந்த ஆறு. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்றால் பூங்காவில்கூடச் சந்திக்க முடியாது. அதே விதிகளில் ஒரு விலக்கு இருந்தது. உரிமமோ சான்றிதழோ தேவைப்படும் வெளிப்புற உடற்செயல்பாடு என்ற பொருளில் எழுதப்பட்ட விலக்கு. துப்பாக்கி என்றோ கிரவுஸ் பறவை என்றோ ஒரு சொல் வெளியே தெரியவில்லை. பத்திரிகைக்காரர்கள் தோண்டியபோதுதான் 30 பேர் வரை கூடிக் கிரவுஸ் சுடலாம் என்பது ஊருக்குத் தெரிந்தது. விலக்கு கொடுப்பதாக இருந்தால் பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே. ஒளித்து எழுதியதால்தான் மக்களுக்குச் சந்தேகம் வந்தது.

கிரவுஸ் வேட்டை திறந்தவெளியில் நடப்பதுதான், மறுக்கவில்லை. சுடுபவர்கள் ஒவ்வொருவரும் தள்ளித் தள்ளித்தான் நிற்பார்கள். ஆனால் பறவைகளைக் கிளப்பிவிடும் ஆட்கள் ஒரே வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு மேட்டுக்குப் போவார்கள். நடுவில் சாப்பாடு, இரவு தங்கல். வெகுதூரத்திலிருந்து காசு கட்டி வருபவர்கள் உண்டு. இதெல்லாம் பண்ணையில் தனியாக மான் சுடுபவரிடம் கிடையாது. செப்டம்பரில் தொற்று குறைவாக இருந்தது, ஜனவரியில் உச்சத்தில் இருந்தது, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். நாட்களை ஒப்பிடவில்லை, விதி எழுதிய முறையைத்தான் ஒப்பிடுகிறேன். 30 பேரின் பிரச்சினை உங்கள் காதுக்கு எட்டியிருக்கிறது. விவசாயி நிலத்தில் காசு வாங்காமல் பெண் மான் சுடுபவர், விதிகள் அனுமதித்த 'ஊதியமில்லாச் சேவை' என்ற பிரிவுக்குள் நாம் வருகிறோமா என்று ஊகித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

நம் தரப்பில் நடந்ததையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பயிர்க் காவல் என்ற பெயரில் ஜாலியாக ஊர் சுற்றியவர்களும் இருந்தார்கள். உணவகங்கள் மூடி, மான் இறைச்சி வாங்க ஆளில்லாமல் வியாபாரிகள் கையை விரித்த நேரத்தில், அவசரக் கட்டுப்பாடு என்று சொல்லிக்கொண்டு நல்ல கொம்பு தேடிப் போவது என்ன கட்டுப்பாடு? இப்படிப்பட்டவர்களால்தான் உண்மையாகவே வேலைக்குப் போனவர்களையும் ஊரார் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

ஆகவே அடுத்த முறை விதி எழுதும்போது, சம்பளம் உண்டா இல்லையா என்று பார்க்காமல், எதற்காகச் சுடுகிறார் என்று பாருங்கள். நில உரிமையாளரின் எழுத்து அனுமதி, எந்த நிலத்தில் எத்தனை மான் என்ற திட்டம், தனியாளாகப் போவது, சட்டத்திலேயே எழுதிய தூர வரம்பு. இவை இருந்தால் போகலாம், இல்லையென்றால் கூடாது. காசு கட்டி வரும் விருந்தினர் வேட்டை, ஆண் மான் கொம்பு வேட்டை, கூட்டமாகப் பறவை சுடுவது எல்லாம் பொதுமுடக்கம் முடியும்வரை நிற்கட்டும். இலக்குப் பயிற்சி மைதானங்களை மற்ற விளையாட்டு மைதானங்களோடு சேர்த்து மூடி, அவற்றோடு சேர்த்தே திறங்கள். இதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

மூன்று அரசுகளும் ஒரே மாதிரி எழுதினால் நல்லது. முடியாவிட்டால் எல்லையோரத்துக்கு மட்டுமாவது ஒத்துப்போகும் ஏற்பாடு வேண்டும். ஸ்காட்லாந்தில் மான் எண்ணிக்கையைக் கவனிக்கும் நேச்சர்ஸ்காட் அமைப்பு, இங்கிலாந்து வனத்துறை, வேல்ஸின் இயற்கை வள அமைப்பு, காவல்துறை உயரதிகாரிகள், சமவெளியில் சுடும் சிலர், இவர்களை ஒருநாள் ஒரே அறையில் உட்காரவைத்தால் வரைவு தயாராகிவிடும். சாலையில் நிற்கும் காவலர் படித்துப் பார்க்க ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நவம்பர் 1க்கு முன் அந்தக் கூட்டத்தைக் கூட்டினால், அந்தப் பருவத்திலேயே அதைப் பண்ணைகளில் ஒத்திகை பார்த்துவிடலாம். எங்கள் பகுதியில் அதற்கு ஒத்துழைக்க நான் தயார்.

இப்படிக்கு,
வட இங்கிலாந்தில் வசிக்கும், துப்பாக்கிச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒரு தமிழர்